இடப்பக்கத்து அர்த்தம்

லுவோ யாச்சின் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தாள். ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. அலுவலகத்தின் கோடி அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, எஃகுப் பலகைமேல் மெழுகுத் தாளை விரித்து, இரும்புப் பேனாவால் ஸ்டென்சில் வெட்டுவது அவள் வேலை. பரீட்சைத் தாள், நோட்டீஸ், விடுமுறைப் பட்டியல் எல்லாமே அவள் கையெழுத்தில்தான் வரும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எங்கள் ஆன்ச்சிங் நகரத்தில் படித்தவர்கள் பலருக்கு அந்தக் கையெழுத்து தெரியும். ஆளைத் தெரியாது.

நான் அதே பள்ளியில் வேதியியல் டீச்சர். ஆசிரியர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் என் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவளுடையது. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்பா நாடகக் குழு ஒன்றில் வாத்தியம் வாசித்தவர். மகளுக்கு நயமான வீணை என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டு, அவளுக்கு எட்டு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பிறகு படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் முப்பத்தைந்து வயதுவரை கல்யாணமும் ஆகவில்லை.

மெங் தெலின் சார் 1978இல் பள்ளிக்குத் திரும்பி வந்தார். ஆங்கில வாத்தியார். கலாச்சாரப் புரட்சி நடந்த காலத்தில், ஆங்கிலம் தெரிந்த குற்றத்துக்காக ஒற்றன் என்று முத்திரை குத்தி மலையோரத் தேயிலைப் பண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து வருஷம் கூடை சுமந்ததில் முதுகு வளைந்திருந்தது. அதற்கு முன்னால் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள், தாவ் வான்ரு என்று. அவரைக் கொண்டுபோன வருஷமே அவளிடம் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவள் ஆற்றின் கீழ்த்திசையில் வூஹூ நகரத்துக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஊருக்கெல்லாம் தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

எங்கள் சீனப் பேச்சில் நாலெழுத்துத் தொடர்கள் சாப்பாட்டில் உப்பு மாதிரி. ஒவ்வொன்றும் நான்கே எழுத்து, எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சொல். ஒவ்வொன்றுக்கும் பார்த்தவுடன் தெரியும் ஒரு பொருள், பழகினால் தெரியும் இன்னொரு பொருள். மெங் சார் இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நேர்ப்பொருள், வலப்பக்கம் உட்பொருள். பாம்பை வரைந்து கால் சேர்ப்பது என்று இடப்பக்கம் இருந்தால், தேவைக்கு மேல் செய்து கெடுப்பது என்று வலப்பக்கம் இருக்கும். “இடது பக்கம் வெறும் தோல்தான். உரிச்சுப் போட்டுட்டு வலது பக்கத்தைச் சாப்பிடுங்க” என்று வகுப்பில் சொல்வார். அந்தத் தாள்களை எல்லாம் வெட்டிக் கொடுத்தவள் யாச்சின் அக்கா. ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல வெட்டினாள்.

ஒருமுறை வலப்பக்கத்தை ஒரு வரி மேலே தள்ளி வெட்டிவிட்டாள். பாம்புக்குக் கால் வரைவது என்றால் ஆபத்தில் உதவுவது என்று ஆகிவிட்டது. பனியில் கரி கொண்டுவந்து தருவது என்றால் மர மண்டையிடம் பேசி வீணாவது என்று ஆகிவிட்டது. பரீட்சையில் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே எழுதி வைத்தார்கள். மெங் சார் தாள் கட்டோடு கோடி அறைக்குப் போனார். அக்கா வெளுத்துப்போய் எழுந்து நின்றாள்.

“என் க்ளாஸ்ல நாப்பது பேரும், பாம்புக்குக் கால் போட்டா அது பெரிய உபகாரம்னு எழுதியிருக்காங்க” என்றார்.

“மறுபடி வெட்டித் தர்றேன் சார்.”

“வேண்டாம். பாம்பைக் கேட்டா அதுவும் அப்படித்தான் சொல்லும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பண்ணையிலிருந்து வந்தபின் அவர் சிரித்ததை அலுவலகம் பார்த்தது அன்றுதான். 1980 இலையுதிர் காலத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. குழந்தை இல்லை.

வருஷக்கணக்காக வெட்டி வெட்டி அக்காவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது. எல்லாம் இடப்பக்கத்து ஆங்கிலம். பாம்பு, மாடு, முயல், தவளை, படகு, வாள், கிணறு. வலப்பக்கத்துச் சொற்கள் அவளுக்கு நீளமாகவும் ஒன்று போலவும் தெரிந்தன. ஒருமுறை வெளிநாட்டு ஆசிரியை ஒருத்தி பள்ளியைப் பார்க்க வந்தாள். அக்கா தேநீர் ஊற்றியபடியே தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மெங் சார் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

தாள்கள் சேர்ந்து அறுநூறு தொடருக்கு மேல் ஆனதும், அக்கா நூல் போட்டுத் தைத்துப் புத்தகமாக்கினாள். அப்போதுதான் ஒன்று விட்டுப்போயிருப்பதைக் கவனித்தாள். உடைந்த கண்ணாடி மறுபடி வட்டமாவது என்று ஒரு தொடர் உண்டு. பிரிந்துபோன கணவனும் மனைவியும் திரும்பச் சேர்வதை அப்படிச் சொல்வோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டாள். மறந்துவிட்டது என்றார். அடுத்த முறை தைத்தபோதும் அது இல்லை. அக்கா மறுபடி கேட்கவில்லை.

1995 நவம்பரில் ஒரு காலை, குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு படியேறிய மெங் சார் இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்தார். மூளையில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் இல்லை என்றே ஆகிவிட்டது. பேச்சும் இல்லை. படிப்பதும் முடியாது என்றார் டாக்டர். என்ன கேட்டாலும் தலையாட்டுவார், அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். விழுந்தபோது கோட்டுப் பையில் இருந்த படிக்கிற கண்ணாடியில் ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. இனி அது எதற்கு என்று அக்கா இழுப்பறையின் அடியில், காலுறைகளுக்குக் கீழே வைத்தாள். புத்தகங்களையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பார்த்தால் ஏங்குவார் என்று பயந்தாள்.

டிசம்பர் மாதம் ஒரு மாலை நானும் அங்கே இருந்தேன். அக்கா மருந்தோடு அறைக்குள் வந்தாள். மெங் சார் அவளைப் பார்த்து, தெளிவாக, வகுப்பில் சொல்வது போலவே சொன்னார்: “பனியில் கரி கொண்டுவந்து தருவது.”

கஷ்டத்தில் இருப்பவனுக்குத் தக்க சமயத்தில் உதவுவதை அப்படிச் சொல்வோம். அக்கா மருந்துக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அழுதாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். “நல்லா இருந்தப்போ ஒரு நன்றி சொன்னதில்ல இந்த மனுஷன். இப்பச் சொல்றார் பாரு” என்றாள் என்னிடம்.

அன்றிலிருந்து அவர் பேசினார். ஆனால் நாலெழுத்துத் தொடர்கள் மட்டும்தான் வந்தன. தண்ணீர் என்றோ சோறு என்றோ சொல்ல வரவில்லை. யார் பெயரும் வரவில்லை. பழக்கத்தில் ஊறிப்போன சொற்கள் இப்படி இடிந்து விழுந்த வீட்டில் ஒற்றைத் தூண் போலத் தனியாகத் தப்பித்து நிற்பதுண்டு என்று டாக்டர் சொன்னார்.

எல்லாவற்றையும்விட அதிகமாக அவர் சொன்னது, மாட்டுக்கு முன்னால் வீணை வாசிப்பது என்பதைத்தான். புரியாத ஜென்மத்திடம் பேசி வாயைக் கெடுத்துக்கொள்வது என்று அதற்கு அர்த்தம். அக்கா அறைக்குள் வந்தால் சொன்னார். வெளியே போனால் சொன்னார். சமையலறையில் அடுப்புக்கு நிலக்கரி வில்லை மாற்றிக்கொண்டிருந்தால் அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஒரு நாளைக்கு இருபது முறை இருக்கும். அக்கா முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு சிரிக்கவில்லை. “மனசுக்குள்ள என்னைப் பத்தி இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார் போல. நாகரிகத்துக்கு வாய மூடிக்கிட்டு இருந்தார், இப்ப மூடி போயிடுச்சு” என்றாள்.

பிப்ரவரியில் எங்கள் புத்தாண்டு வந்தது. பழைய மாணவர்கள் ஆறேழு பேர் ஆரஞ்சும் இனிப்புமாக வந்தார்கள். அதில் ஒருவன் வங்கியில் மேலாளர், ஒருத்தி கல்லூரியில் பேராசிரியை. அக்கா கறிக் கொழுக்கட்டை வைத்து உபசரித்தாள். சார் தூங்குவது, சாப்பிடுவது, ராத்திரி கால் இழுப்பது எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் மெங் சார் அவளையே பார்த்தபடி உரக்கச் சொன்னார், மாட்டுக்கு முன்னால் வீணை வாசிப்பது. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை, சாரின் பழைய குத்தல் திரும்பிவிட்டது என்ற சந்தோஷம்தான். அவர் மறுபடி சொன்னார். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர்கள் போனதும் அவள் அவர் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்தது. நான் மிச்சத் தட்டுகளை எடுத்துக் கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“எனக்குப் படிப்பில்லதாங்க. அஞ்சாங் கிளாஸ்தான். அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க? பதினஞ்சு வருஷம் உங்க எழுத்தை வெட்டியிருக்கேன். விரல் பாருங்க, இன்னும் மடங்கல. நாலு பேர் முன்னால என்னை மாடுன்னு சொல்லாதீங்க. இனிமே அதைச் சொல்லவே சொல்லாதீங்க.”

அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் தொடரை அவர் சொல்லவே இல்லை.

அதற்குப் பதில் இன்னொன்று வந்தது. உடைந்த கண்ணாடி மறுபடி வட்டமாவது. மார்ச் மாதம் முழுவதும் இதையே சொன்னார். சொல்லும்போது இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டமாக்கிக் காட்டினார். சில நாள் கண்ணில் நீர் வந்தது.

அறுநூறு தொடரில் சேர்க்காமல் ஒளித்து வைத்த அந்த ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததும் அக்காவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு வாரம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டாள். “வான்ருவைப் பாக்கணுமா?” அவர் தலையாட்டினார். டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். “தெரியும். ஆனா அழறாரே” என்றாள்.

வான்ருவின் தம்பி படகுத் துறை அருகே நூடுல்ஸ் கடை வைத்திருந்தான். அவனிடம் முகவரி வாங்கினாள். மெங் சாரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரலில் ஒரு காலை வூஹூவுக்குக் கப்பல் ஏறினாள். போகும்போது தன் நல்ல நீல மேல்சட்டையைப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள்.

தாவ் வான்ருவுக்கு அப்போது அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவு. நெசவாலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது கணவர் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. புறப்படும் முன் தலைக்குச் சாயம் போட்டிருக்கிறாள். நெற்றி ஓரத்தில் கறை இன்னும் போகாமல் இருந்தது. படியேறும்போது அக்காதான் அவள் பையைத் தூக்கி வந்தாள்.

மெங் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வான்ரு எதிரே போய் நின்றாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மரியாதையாக ஒன்று சொன்னார்: “முன்பே எங்கோ பார்த்த முகம் போல.”

அதுவும் நாலெழுத்துத் தொடர்தான். அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. வான்ரு பக்கத்தில் இருந்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டே பேசியதை அக்கா மறுநாள் எனக்குச் சொன்னாள். சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் வான்ரு வந்திருக்கிறாள்.

“பண்ணையிலேர்ந்து விட்ட வருஷம் எனக்கு ஒரு கடிதாசு போட்டார், தங்கச்சி. ரெண்டே வரி. அதுல இந்த நாலெழுத்தும் இருந்துச்சு. எனக்கு அப்ப வேற புருஷன், மடியில புள்ள. பதில் போடல. நீ வந்து வாசல்ல நின்னு அதே நாலெழுத்தைச் சொன்னதும், பதினெட்டு வருஷமா இதையே மனசுல வச்சிருக்காரேன்னு நினைச்சேன்.”

“எனக்குத் தெரியாதுக்கா” என்றாளாம் யாச்சின் அக்கா. கடிதம் போன வருஷம் 1978. பதில் வராமல் இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் கோடி அறைக்கு வந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா மனதுக்குள் கூட்டிப் பார்த்திருக்கிறாள். கீரையைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். அந்த இரவு தன் கட்டிலை வான்ருவுக்குக் கொடுத்துவிட்டு என் வீட்டில் வந்து படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சிகளை நான்தான் கடையிலிருந்து வாங்கி வந்தேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்டதும் மெங் சார் அந்த எண்ணெய்த் தாளை இடது கையால் எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி அருகில் கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டு விரல்களை வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடி மறுபடி வட்டமாவது என்றார்.

வான்ரு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “இவர் படிக்கிற கண்ணாடி எங்க?”

யாச்சின் அக்கா எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, காலுறைகளைத் தள்ளிவிட்டு எடுத்து வந்தாள். ஒரு பக்கம் முழு வில்லை, மறு பக்கம் வெறும் வளையம். மெங் சார் அதைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கையை நீட்டினார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக இதைத்தான் கேட்டிருக்கிறார்.

மத்தியானத்துக்குள் கடைத்தெருவில் புது வில்லை போட்டு வாங்கி வந்துவிட்டேன். போட்டுக்கொண்டார். அந்த எண்ணெய்த் தாளை மடியில் விரித்து எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். படிக்க முடிந்ததா என்றால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நிம்மதியாக இருந்தார்.

வான்ரு அன்றைக்கே கிளம்பிவிட்டாள். பஸ் நிலையத்தில் அக்காவிடம், “என்னைக் கூப்பிடல தங்கச்சி. கண்ணாடியத்தான் கூப்பிட்டிருக்கார். நல்லதாப் போச்சு” என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் இருந்த சாயக் கறையைத் துடைத்தாள். பஸ் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, தைத்து வைத்த தாள்களை எடுத்தாள். என்னையும் மேசைக்குக் கூப்பிட்டாள். கண்ணாடி என்றது நிஜக் கண்ணாடியைத்தான் என்றால், மற்றதெல்லாம்? விழுந்ததிலிருந்து அவர் சொன்ன தொடர்களை ஒவ்வொன்றாகத் தேடி, வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் பார்த்தோம்.

அப்பத்தை வரைந்து பசி தீர்ப்பது. வெறும் கனவில் வாழ்கிறேன் என்று நொந்துகொள்கிறார் என நினைத்து அக்கா ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பசித்திருக்கிறது. பிளம் பழத்தைப் பார்த்துத் தாகம் தீர்ப்பது என்றபோது தண்ணீர் கேட்டிருக்கிறார். பாம்புக்குக் கால் சேர்ப்பது என்று சொன்ன நாளெல்லாம் போர்வை காலை விட்டு விலகியிருந்தது எனக்கே ஞாபகம் வந்தது. பனியில் கரி கொண்டுவந்து தருவது என்ற வரியில் அக்காவின் விரல் நின்றது. டிசம்பர் மாதம், அந்த மாலை அடுப்பு அணைந்து கிடந்தது.

“குளிருதுன்னு சொல்லியிருக்கார். நான் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்திருக்கேன், ஒரு மணி நேரம்” என்றாள்.

அடுத்த வரியில் மாடு இருந்தது.

“பால் கேட்டிருப்பாரோ?” என்றேன்.

“பாலைக் கண்டாலே ஆகாது அவருக்கு.”

அவள் அந்த நாலெழுத்தையும் மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். துவெய், நியூ, தான், ச்சின். விரல் கடைசி எழுத்துக்கு வந்ததும் எடுக்கவில்லை. மறுபடி படித்தாள். மூன்றாம் முறை கடைசி எழுத்தை மட்டும் படித்தாள். வீணை. வீட்டுக்குள் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார், முழுப் பெயரைச் சொல்லாமல் ச்சின் என்று. எதிர் வீட்டில் இருந்த எனக்கே எத்தனையோ முறை கேட்டிருக்கிறது.

அவள் உள்ளே வந்தால் சொன்னார். வெளியே போனால் சொன்னார். அடுப்படியிலிருந்து வரத் தாமதமானால் குரல் கொடுத்தார். எந்தப் பெயரும் வாயில் நிற்காத மனிதருக்கு அந்த ஒரு தொடரின் வாலில் மட்டும் அவள் பெயர் மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

“கூப்பிட்டிருக்கார்” என்றாள் அக்கா. வலப்பக்கத்தை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டு, “நான்தான் சொல்லாதீங்கன்னேன்” என்றாள்.

மறுநாள் காலை அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். “ஏங்க, தப்பு என்னோடதுங்க. நீங்க சொல்லுங்க. மாடு, வீணை. எத்தனை தடவை வேணாலும் சொல்லுங்க.” அவர் புதுக் கண்ணாடி வழியாக அவளை உற்றுப் பார்த்தார். பிறகு இடது கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். இல்லை, சொல்ல மாட்டேன் என்பது போல. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மாணவன் மாதிரி இருந்தார்.

அந்தக் கோடை முழுவதும் அவள் விடவில்லை. அப்பாவின் பழைய நாடகக் குழுவிலிருந்து ஒரு வீணைப் படம் தேடிக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். முதல் மூன்று எழுத்தைத் தானே சொல்லிவிட்டு நாலாவதுக்காகக் காத்திருப்பாள். துவெய், நியூ, தான். என் வீட்டில் காலையும் மாலையும் அது கேட்கும். மூன்று எழுத்தோடு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து வரும். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்வார், கையைத் தட்டிக் கொடுப்பார், பசித்தால் அப்பம் என்பார், குளிர்ந்தால் கரி என்பார். இப்போது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. கேட்டதெல்லாம் உடனே கிடைத்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. மறந்துபோனாரா, அவள் மனம் நோகக் கூடாது என்று அடக்கிக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பரில் ஒருநாள் உதடு அசைந்தது என்று என்னை ஓடி வந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார்.

ஜனவரியில் இரண்டாவது முறை அடைப்பு வந்தது. அதோடு தொடர்களும் போயின. மார்ச் மாதம் ஒரு காலை, அவள் வெந்நீரில் துண்டு நனைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அவள் காதையும் கழுத்தையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் வந்து என் கதவைத் தட்டினாள்.

வான்ரு சாவுக்கு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுக்கொண்டார்கள். அக்கா எனக்குப் படித்துக் காட்டுவாள். மெங் சாரைப் பற்றி ஒரு வரி இருக்காது. மூட்டுவலி, மழை, முட்டைக்கோஸ் இதெல்லாம்தான் இருக்கும். நாலைந்து வருஷத்துக்குப் பிறகு வூஹூவிலிருந்து கடிதம் வரவில்லை. அக்கா காரணம் விசாரிக்கவில்லை.

குடியிருப்பை இடித்தபோது அவள் ஹெஃபெய் நகரத்தில் இருந்த அண்ணன் மகளிடம் போனாள். நான் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். போன முதல் வருஷம் ஒரு தடவை, நாங்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, “அவர் கடிதாசு போட்டது எனக்குக் கோவமில்ல. கூட இல்லாதவங்களுக்குத்தானே கடிதாசு போட முடியும். எனக்கு அவர் போட்டதே இல்ல, நான் எப்பவும் பக்கத்துலதான் இருந்தேன்” என்றாள். 2011இல் தூக்கத்திலேயே இறந்தாள்.

சாம்பலை ஆன்ச்சிங்குக்குக் கொண்டுவந்து, ஆற்றைப் பார்த்த சரிவில் மெங் சார் பக்கத்தில் வைத்தோம். அண்ணன் மகளும் நானும் மட்டும்தான். கல்லில் அவள் பெயர் முன்பே வெட்டியிருந்தது. உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்புச் சாயம்தான் பூசுவோம், பதினாலு வருஷமாக அது சிவப்பாகவே இருந்தது. இறந்தபின் அதன்மேல் பூசும் கறுப்புச் சாயத்தைக் கொண்டுவர அண்ணன் மகள் மறந்துவிட்டாள். நான் கீழே இறங்கி, கிராமத்துக் கடையில் ஒரு சிறிய டப்பாவும் தூரிகையும் வாங்கி வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையைப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு முறை பூச வேண்டியிருந்தது.